பூட்டன் காலத்து வளவுக்குள் வன இலாகாவின் கல்: காட்டோரச் சனங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கத்துக் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பூட்டன் காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்களாம். சேனை வெட்டினார்கள், அதாவது காட்டை வெட்டிப் பயிர் செய்து பிறகு ஆறவிட்டார்கள், தேன் எடுத்தார்கள், மாடு வளர்த்தார்கள். சண்டைக்குப் பயந்து 1990இல் ஓடி, திரும்பி வந்து, 2006இல் மறுபடி ஓடி, பிறகு வந்து பார்த்தால் வளவுக்குப் பின்னால் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது. "இந்தியாவில் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை கொடுக்கிற சட்டம் இருக்கிறதாமே, எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா? இல்லையென்றால் நாங்கள் என்ன செய்யலாம்?" இதுதான் கேள்வி.

நேராகவே சொல்கிறேன் தம்பி, இல்லை. காட்டோடு சீவிக்கிற மக்களுக்கென்று தனியாக ஒரு உரிமைச் சட்டம் இலங்கையில் இதுவரை வரவில்லை. ஆனால் அதை வைத்து "உங்களுக்கு ஒன்றுமே இல்லை, எழும்புங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். நான் சட்டத்தரணி இல்லை. படுவான்கரை, வாகரை, பொத்துவில் பக்கத்துச் சனங்களுக்குக் காணி மனு எழுதிக் கொடுக்கிற வேலையை இருபது வருடத்துக்கு மேலாகச் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இந்தியச் சட்டம். 2006இல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம் அது. பட்டியல் பழங்குடியினருக்கும், அவர்கள் அல்லாமல் மூன்று தலைமுறையாக, அதாவது 75 வருடமாக, காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கும் பொருந்தும். 2005 டிசம்பர் 13ஆம் திகதிக்கு முன்பிருந்தே கையில் இருந்த காணிக்கு, ஆகக் கூடியது 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். அந்தக் காணியை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். இதற்கு மேல், தேன், மூங்கில், கிழங்கு, மேய்ச்சல், குளத்து மீன் எல்லாவற்றுக்கும் கிராமத்துக்குப் பொதுவான உரிமை உண்டு. விசாரித்து முடிக்கும் வரைக்கும் ஒருவரையும் எழுப்பக் கூடாது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு இரண்டு விடயம். ஒன்று, யாருக்கு எந்தக் காணி என்ற விசாரணை கிராம சபையில்தான் தொடங்குகிறது. ஊர்ச் சனம் கூடி இருந்து தீர்மானம் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கோப்பு மேலே போகும். இரண்டாவது, சாட்சி. காணி உறுதி இல்லாதவன் என்ன காட்டுவான் என்று யோசித்து அந்தச் சட்டத்தின் விதிகளை எழுதியிருக்கிறார்கள். ஊரில் உள்ள முதியவர்கள் சொல்வதை எழுதி எடுத்தால் அது சாட்சி. பழைய கிணறு சாட்சி, சுடுகாடு சாட்சி, கும்பிடுகிற மரம் சாட்சி. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைட் தோண்ட வந்தபோது, அந்த மலையைத் தெய்வமாகக் கும்பிடுகிற டோங்க்ரியா கோந்த் மக்களின் கிராம சபைகளிடம் கேட்கச் சொல்லி இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்புக் கொடுத்தது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன.

அங்கேயும் எல்லாம் நேராக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பெப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, இரண்டு கிழமை அளவில் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆனாலும் அங்கே கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது. நமக்கு இல்லாதது அந்தக் கதவுதான்.

ஏன் இல்லை என்று விளங்க வேண்டுமானால் 1840க்குப் போக வேண்டும். அந்த வருடம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரில்லாமலும் கிடக்கிற காணியெல்லாம் அரசாங்கத்துடையது, வேறு விதமாக நிரூபித்தால் ஒழிய, என்றது. சில வருடத்துக்கு ஒருதரம் மட்டும் பயிர் செய்கிற சேனையையும் காடு, தரிசு என்ற கணக்கில் சேர்த்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சேனைக்காரன் மண் ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறான். அவன் விட்டுவைத்த அந்த நாலைந்து வருடம்தான் அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. போர்க்காலத்தில் நடந்ததும் இதுவேதான். சனம் ஓடிப்போன வளவிலும் சேனையிலும் இருபது வருடம் மரம் வளர்ந்தது. 2009க்குப் பிறகு வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு அது காடாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. 1907இன் வனக் கட்டளைச் சட்டம், 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1947இன் அரச காணிகள் கட்டளைச் சட்டம், எல்லாம் அப்படித்தான். "பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தம்" என்று ஊரில் சொல்வார்கள். அது 1871இன் ஆட்சியுரிமைச் சட்டம். தனியார் காணிக்குத்தான் அது சரி, அரசாங்கத்துக்கு எதிராக அந்தப் பத்து வருடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. எத்தனையோ பேர் இந்த நம்பிக்கையில் இருந்து ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2001இல் ஒரு சுற்றறிக்கை வந்தது, இலக்கம் 5/2001. அதுவரை பிரதேச செயலாளரின் கையில் இருந்த, வர்த்தமானியில் அறிவிக்கப்படாத "ஏனைய அரச காடுகளை" அது வன இலாகாவின் கீழ் கொண்டுபோனது. நம்முடைய சேனை, மேய்ச்சல், விறகுக் காடு எல்லாம் அநேகமாக இந்த வகைதான். 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அதை நீக்கி, மறுபடி மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தது. சூழல் அமைப்புகள் அதை எதிர்த்தன. அவர்களின் பயத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் காட்டின் கதவு திறந்தால் முதலில் நுழைவது ஏழைச் சேனைக்காரன் இல்லை, பெக்கோ இயந்திரம் வைத்திருக்கிறவன்தான். ஆனால் ஒரு சுற்றறிக்கையால் பறித்து இன்னொரு சுற்றறிக்கையால் கொடுக்கிற நிலையில் உங்கள் வளவு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

சரி, உங்கள் விடயத்துக்கு வருவோம். நீங்கள் ஒரே மூச்சில் மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். இருந்த வளவு, சேனை, காட்டிலிருந்து எடுக்கிறதும் மேய்க்கிறதும். மனு எழுதும்போது இதை ஒன்றாகக் கட்டக் கூடாது. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

வளவுதான் ஆகப் பலமானது. இதற்கு 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது நாம் சொல்கிற பெர்மிட், பிறகு காணியை உங்கள் பெயருக்கே எழுதித் தருகிற அளிப்புப் பத்திரம் கிடைக்கலாம். அதைக் கொடுப்பது பிரதேச செயலகம். ஆனால் காணி வன இலாகாவின் கீழ் என்று இருந்தால் பிரதேச செயலாளர் கை வைக்க மாட்டார், முதலில் விடுவிக்க வேண்டும் என்பார். அதனால் முதல் வேலை, அந்தக் கல் என்ன கல் என்று கண்டுபிடிப்பது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் சனம் தடுமாறுகிறது. கல் நட்டதாலே அது ஒதுக்கக் காடு ஆகிவிடாது. ஒதுக்கக் காடு என்றால் வர்த்தமானி இருக்க வேண்டும், அதில் எல்லை எழுதியிருக்க வேண்டும். வர்த்தமானி வராமலே "உத்தேச ஒதுக்கம்" என்று கல் நட்ட இடமும் உண்டு. தேசிய பூங்கா, சரணாலயம் என்றால் அது வன இலாகாவே இல்லை, வனஜீவராசிகள் திணைக்களம். சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், தேசிய பூங்காவுக்குள் அப்படி இருக்க முடியாது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல்லைக்குள் என்றால் அது மூன்றாவது அலுவலகம். எந்த அலுவலகம் என்று தெரியாமல் எழுதுகிற மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது, 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதுங்கள். இந்தக் கிராம சேவையாளர் பிரிவில் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்ட காணி எது, வர்த்தமானி இலக்கமும் திகதியும் என்ன, அளவைப் படத்தின் பிரதி வேண்டும், அறிவிக்கப்படவில்லை என்றால் எந்த அதிகாரத்தில் கல் நடப்பட்டது. இந்த நான்கையும் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேன்முறையீட்டு உத்தியோகத்தர், அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. வாய்ப்பேச்சாகக் கேட்டபோது மூன்று வருடம் கிடைக்காத பதில் இந்த ஒரு கடிதத்துக்குக் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சாட்சி. இதில் எனக்கு மறக்க முடியாத ஒரு அனுபவம் இருக்கிறது. ஒரு ஐயா, எழுபது வயது தாண்டியவர், சொப்பிங் பையில் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு வந்தார். பெர்மிட் இருந்ததாம். 78 சூறாவளியில் கூரையோடு போய்விட்டது. பிரதி இருக்கும் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனால், பழைய பதிவேடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையைக் கவிழ்த்துப் பார்த்தோம். மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழ், பிறந்த இடம் என்று அந்த ஊரின் பெயர். அரிசிக் கூப்பன் புத்தகத்தின் மட்டை. இடம்பெயர்ந்தபோது கொடுத்த நிவாரண அட்டை. "இது காணாதா மகன்?" என்று கேட்டார்.

அடுத்த கிழமை அவருடைய வளவைப் பார்க்கப் போனோம். பற்றையை வெட்டி உள்ளே போனால், கல்லிலிருந்து ஐந்தாறு எட்டில் ஒரு கிணறு. தூர்ந்து, உள்ளே ஒரு வேப்பங்கன்று முளைத்து நின்றது. ஐயா கட்டின் ஒரு பக்கத்துப் பாசியைக் கையால் தேய்த்தார். ஈரச் சீமெந்தில் விரலால் எழுதின எண் தெரிந்தது: 1969. அவருடைய தம்பி எழுதினதாம். கல்லும் கிணறும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து, தூரத்தை அளந்து, மனுவோடு வைத்தோம். அந்த வளவு இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் பிரதேச செயலகமும் வன இலாகாவும் சேர்ந்து வந்து பார்த்த கள அறிக்கையில் "பழைய குடியிருப்பு" என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் அவர் அத்துமீறியவர். அந்தச் சொல் இருப்பதால் அவர் காணியை இழந்தவர். இனி நடக்கிற எந்த விசாரணையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஆகவே நீங்களும் தேடுங்கள். பழைய வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூடத்து அனுமதிப் பதிவேடு, கோயில் கணக்குக் கொப்பி, கல்யாணப் பதிவு. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தில் உங்கள் ஊரின் பெயரும் குளமும் இருக்கிறதா என்று பாருங்கள். 1956இல் நாடு முழுக்க எடுத்த வான்படங்களும் அங்கே இருக்கின்றன. அந்தப் படத்தில் உங்கள் காணி வெளியாகத் தெரிந்தால் அதைவிடப் பலமான சாட்சி கிடையாது. முதியவர்களின் வாக்குமூலத்தைச் சத்தியக்கடதாசியாக எடுத்துவிடுங்கள். நம்முடைய சட்டம் இந்தியாவில் போல அதைத் தனியாக மதிக்காது, உண்மைதான். ஆனால் அவர்கள் போனபிறகு எடுக்க முடியாது.

சேனை விடயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையான பதில் இல்லை. பெர்மிட் இல்லாத சேனைக்குச் சட்டத்தில் ஒரு பிடியும் கிடையாது. நீங்கள் செய்யக் கூடியது, ஊரார் எல்லாருமாக ஒரே மனுவாக, எந்தெந்த இடம், எந்தக் காலம் வரை சோளனும் கச்சானும் போட்டது என்று வரைபடத்தோடு கொடுப்பது. அந்த மனுவுக்கு முடிவு வரும் வரைக்கும் புதிதாக ஒரு மரமும் வெட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒருவர் அவசரப்பட்டு அரை ஏக்கர் வெளியாக்கினால் முழு ஊரின் மனுவும் அதோடு போய்விடும்.

தேனும் மேய்ச்சலும்தான் ஆகச் சிக்கல். ஒதுக்கக் காட்டுக்குள் மாடு விட்டாலும் குற்றம், தேன்வதை எடுத்தாலும் குற்றம், அனுமதி இல்லாவிட்டால். வனக் கட்டளைச் சட்டத்திலேயே "கிராமக் காடு" என்று ஒரு பகுதி இருக்கிறது, ஒரு கிராமத்தின் பாவனைக்காகக் காட்டை ஒதுக்கலாம் என்று. நூறு வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிற அந்த வாய்ப்பை நம் பக்கத்தில் யாரும் தட்டிக் கேட்டதாக நான் காணவில்லை. கேட்க வேண்டும். மாதுறு ஓயா, செங்கலடிப் பக்கத்து மயிலத்தமடு, மாதவனைப் பட்டிக்காரர்களின் கதை உங்களுக்குத் தெரியும். காலாகாலமாக மாடு மேய்ந்த தரை, ஆனால் மேய்ச்சல் தரை என்று வர்த்தமானியில் இல்லை, மகாவலிக் காணி. வெளியார் வந்து பயிர் செய்தார்கள், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் செத்தன. 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் தெருவில் இறங்கித் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பது ஆளுக்கு ஒரு காணி இல்லை, இது பொதுவான மேய்ச்சல் தரை என்று எழுதித் தாருங்கள் என்பதுதான். நம் சட்டத்துக்குத் தனி ஆளின் பெர்மிட் விளங்குகிறது, பத்து ஊரின் மாடு ஒரே தரையில் மேய்வது விளங்கவில்லை.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி, "எங்களை வேடர் பரம்பரை என்றும் சொல்வார்கள்" என்று. அதை வெட்கப்பட்டு ஓரமாக எழுதின மாதிரித் தெரிந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் மனுவின் முதல் பந்தியில் வர வேண்டிய விடயம். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசுகிற, குமார தெய்வத்துக்குச் சடங்கு வைக்கிற கரையோர வேடர்களை ஆய்வாளர்கள் நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டில், 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா ஆனபோது தம்பானைப் பக்கத்து வேடர்கள் தங்கள் வேட்டைக்காட்டை இழந்தார்கள். தலைவர் திசாஹாமி எழும்ப மறுத்து அங்கேயே இருந்தார். அவருடைய மகன் ஊருவரிகே வன்னில அத்தோ 1996இல் ஜெனீவா வரை போய்ப் பேசினார். அம்பாறை மாவட்டம் மகா ஓயாவில் பொல்லேபெத்த, ரம்பக்கன் ஓயாப் பக்கத்துக் காட்டைச் சோளப் பயிருக்கு வெளியாக்கியதை எதிர்த்து 2020இல் அவரும் ஒரு சூழல் நீதி அமைப்பும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். காட்டைக் காப்பாற்று என்று காட்டுச் சனமே வழக்குப் போட்டதைக் கவனியுங்கள். பழங்குடிகளின் உரிமை பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு 2007இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. நீதிமன்றத்தில் அதை நேரே சட்டமாக வைக்க முடியாது, மனுவில் எழுதலாம், எழுத வேண்டும்.

இனி, நடக்கக் கூடாதது நடந்தால். 1979இன் அரச காணி ஆட்சி மீளப்பெறும் சட்டத்தில் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வந்தால் 30 நாள் தவணை இருக்கும். வெளியேறாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே போய் நான் ஐம்பது வருடம் இருந்தேன் என்று சொல்லிப் பயனில்லை. செல்லுபடியான பெர்மிட் அல்லது அரசின் எழுத்து அதிகாரம் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். அதனால் அந்த 30 நாளுக்குள்ளேயே ஓட வேண்டும். முன்பு அந்த அறிவித்தலை நிறுத்தச் சொல்லி மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்டுப் பார்ப்பார்கள். 2013 செப்டம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உச்ச நீதிமன்றம், அரச காணி விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்த்துவிட்டது. இப்போது வாகரையிலிருந்து கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். காசு இல்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை முதல் நாளே பிடியுங்கள். அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் தவணையில் சேராது.

காடு வெட்டினாய் என்று வழக்குப் போட்டால், தண்டம் கட்டிவிட்டுப் போகலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள், சொந்த வளவைத் துப்புரவாக்கியதற்காக என்றால். ஒரு நாள் கூலியோடு முடிகிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஒதுக்கக் காட்டுக்குள் அத்துமீறினீர்கள் என்று உங்கள் வாயாலேயே பதிவாகிவிடும்.

இன்னொன்று, அனுமதிப்பத்திரம் கேட்கும்போது பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். காணி அபிவிருத்திச் சட்டத்தில் பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் இறந்தால் பிள்ளைகளில் ஆண் பிள்ளைக்குத்தான் முன்னுரிமை என்று இருந்ததை 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தம் மாற்றிவிட்டது. உங்கள் பக்கத்தில் சண்டையில் ஆம்பிளைகளைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

முதல் வேலையாகத் தகவல் கேட்கிற கடிதத்தை இந்தக் கிழமையே போடுங்கள். மாதிரி ஒன்று எழுதித் தருகிறேன். அதற்குள் ஊரில் உள்ள கிணறு, கோயில், சுடுகாடு, பழைய குளக்கட்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் படம் கீறி வையுங்கள். தேனுக்குப் போகிறவர்கள் யார் யார், எந்தப் பக்கத்தால் போகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பாலைப்பழக் காலம் தொடங்கிவிட்டால் அவர்களை ஊரில் பிடிக்க முடியாது.